காம்பில்லாத அப்பிள்கள்

எதையும் ஒழுங்காகச் செய்கிறவன் செய்யும் நாசமும் ஒழுங்காகவே இருக்கும். என் நாட்குறிப்பில் அதற்கு ஒன்பது பக்கச் சான்று உண்டு.

என் மனைவியின் அண்ணன் சிவம் ஜேர்மனியில், டோர்ட்மண்ட் நகரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கிக் களைத்தவர். பதினொரு வருட விடுமுறைகளை ஊன்ட்றொப் என்ற ஊருக்கு அப்பாலுள்ள அப்பிள் தோட்டமொன்றில் வேலை பழகியே கழித்தார். தோட்டக்காரருக்கு வாரிசு இல்லை. "இந்த அறுவடையை நீயே நடத்து. பழங்களை மொத்த வியாபாரி எடுத்துக்கொண்டால் தோட்டம் உனக்குக் குத்தகை" என்றிருந்தார். அந்த வசந்தத்தில் உறைபனி பூக்களைக் கருக்கியதில் தப்பியவை நான்கு வரிசை மரங்கள்தான்.

நான் உதவிக்குப் போனேன். (யாரும் கூப்பிடவில்லை.)

"காம்போட பிடுங்குங்கோ மச்சான். அதுதான் முக்கியம்" என்றார் சிவம்.

"மாமரத்துக்குக் கீழ வளர்ந்தவனுக்குப் பழம் பிடுங்கக் காட்டித்தாறியளோ?"

காம்போடுதான் பிடுங்கினேன். பிறகு, ஊரில் மாங்காய்க்குச் செய்வதுபோல, ஒவ்வொரு காம்பையும் அடியோடு முறித்து, பால் வடியட்டும் என்று கவிழ்த்து அடுக்கினேன். பால் பட்டால் தோல் கறுக்கும் அல்லவா. அப்பிளில் பால் வரவில்லை. 'குளிரினால் இருக்கலாம்' என்று நாட்குறிப்பில் எழுதினேன். உதவிக்கு வந்திருந்த ஆறு பேருக்கும் இதைப் பழக்கினேன்.

தோட்டத்தின் மறுகோடியில் ஏணியில் நின்ற சிவம் மாலையில் வந்து பெட்டிகளைப் பார்த்தார். கவிழ்ந்திருந்த பழங்களில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"வடிவா அடுக்கியிருக்கிறியள்" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

ஆறாம் நாள் வியாபாரி வந்தார். ஒரு பழத்தைத் திருப்பினார். காம்பு இருந்த இடத்தில் தோல் கிழிந்து, உள்ளே பழுப்பாக அழுகத் தொடங்கியிருந்தது. இன்னொன்றைத் திருப்பினார். பிறகு வேறு பெட்டி.

"பிழிந்து சாறெடுக்கலாம். வேறொன்றுக்கும் ஆகாது" என்று பேனாவைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

சிவம் என்னைப் பார்த்தார். "ஏன் மச்சான் முறிச்சனியள்?"

"பால்..." என்றேன்.

அவர் வெறும் பெட்டியொன்றைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்தார்.

தோட்டத்தைப் பக்கத்து நிலக்காரர் வாங்கி, மரங்களைப் பிடுங்கிச் சோளம் போட்டார். சிவம் களஞ்சியத்துக்கே திரும்பினார். இப்போது முழங்காலும் போய்விட்டது.

குடும்பத்தில் என்ன கொண்டாட்டம் என்றாலும் அவருடைய மகள் அப்பிள் சாற்றுத் தட்டை முதலில் என்னிடம் நீட்டுவாள்.

"மாமா, உங்கட யூஸ்."

"பால் எல்லாம் வடிஞ்சிட்டுதோ?" என்று பின்னாலிருந்து யாராவது கேட்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். சிவமும் சிரிப்பார். தட்டு தன்னிடம் வரும்போது மட்டும் தண்ணீர் கேட்பார்.

இதுவரை பதினேழு கொண்டாட்டங்கள். ஒவ்வொன்றையும் குறித்து வைத்திருக்கிறேன்.