எழுத்து பிந்திய படம்

ஒருவனுக்குக் கொம்பியூட்டர் தெரியும் என்று சொந்தக்காரர்கள் மத்தியில் பெயர் கிளம்பிவிட்டால், அதற்குப் பிறகு அவன் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். உண்மையிலேயே கற்றுக்கொள்ளலாம். அல்லது தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளலாம். நான் இரண்டாவது வழியில் வெகுதூரம் போனவன். கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் நடந்த வகுப்பை முக்கால்வாசி முடித்திருந்தேன். (முக்கியமான பாடமெல்லாம் அந்த மிச்சக் கால்வாசியில் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.) ஆனால் மாமாவின் ஃபோனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்த நாளிலிருந்து, கட்டுகஸ்தோட்டையில் இருந்த எங்கள் வீட்டில் நான்தான் எஞ்சினியர்.

அப்போது சுமதி அக்காவுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பையன் ரமேஷ். பல்லேகலையில் அக்கா வேலை பார்த்த அதே கம்பனியில் கணக்குப் பகுதியில் இருந்தான். இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துப் பகிர்ந்து சாப்பிடுகிற அளவுக்குப் பழக்கம். ஆனால் இரண்டு வீட்டுக்கும் இது ‘யாரோ தெரிந்தவர் மூலமாக வந்த சம்பந்தம்’. அம்மாவுக்கு உண்மை தெரியும். தெரியும் என்பது அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் எல்லோரும் ஒன்றும் தெரியாதவர்களாக மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

சிக்கல் ரமேஷின் அப்பா. பிலிமத்தலாவையில் மெயின் ரோட்டிலேயே ஹாட்வெயார் கடை வைத்திருந்தார். அவர் தலையாட்டினால்தான் அந்த வீட்டில் எதுவும் நடக்கும். அவருக்குக் காது கேட்காது, காதில் மிஷின் மாட்டவும் மாட்டார். பெண் பார்க்க நாள் குறித்த பிறகு, கடையில் ஏணியிலிருந்து சறுக்கிக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். மற்றவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், ஆனால் தன் கண்ணால் பார்க்காமல் சரி சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

இந்தப் பெரியவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சீனத்து டெப்லட்டை நிறுத்தி வைத்துக்கொண்டு, நாள் முழுக்க சண்டைப் படம் பார்ப்பார். கீழே எழுத்து ஓட வேண்டும். தமிழோ சிங்களமோ, எதுவானாலும் பரவாயில்லை. எழுத்து ஓடாத படத்தை அவர் படமாகவே மதிப்பதில்லை. அதனால் பெண் பார்க்கும் வைபவத்தை அப்படியே வீடியோ எடுத்து, பேசுவதையெல்லாம் கீழே எழுத்தாகப் போட்டு, டெப்பில் ஓடுகிற மாதிரி மாற்றிக் கொடுத்தால் என்ன என்று ரமேஷ் கேட்டான். அக்கா என்னைப் பார்த்தாள். நான் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டேன். அதெல்லாம் சும்மா விஷயம் என்று சொன்னதாக ஞாபகம்.

அன்றைக்கு விருந்தாளிகள் வருவதற்கு முன்பே நான் ஃபோனை ஒரு ஸ்டாண்டில் பூட்டிப் பதிவை ஆரம்பித்துவிட்டேன், சோதனைக்காக. அப்போது மாமா அங்கே நின்றார். அம்மாவின் தம்பி, மாநகர சபையில் கிளார்க். அப்பா இல்லாத வீட்டில் பேச்சு வார்த்தையெல்லாம் அவர் பொறுப்பு. அவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டே, அந்த மனுசன் வராததும் நல்லதுதான் என்று ஆரம்பித்தார். வந்திருந்தால் கதவை நிலையோடு சேர்க்கிற பிணைச்சலில் இருந்து ஒவ்வொன்றாக விலை கேட்டிருப்பார், காது வேறு கேட்காது, பதில் சொல்லியே தொண்டை கிழிந்திருக்கும் என்றார். ரெக்கோட் ஆகிறது என்று நான் தடுத்தேன். அம்மா உள்ளேயிருந்து வந்து, யாரும் உட்கார்ந்து விழுந்துவிடாதபடி அந்த ஓட்டைக் கதிரையைத் தூக்கி அறைக்குள் போடச் சொன்னார். பிறகுதான் வேன் சத்தம் கேட்டது.

மற்றபடி எல்லாம் நன்றாகவே நடந்தது. ரமேஷின் அம்மா நல்ல மனுசி. அக்காவும் ரமேஷும் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்ப்பது போல அருமையாக நடித்தார்கள். முறுக்கு, டீ எல்லாம் முடிந்த பிறகு ரமேஷின் அம்மா மெதுவாகக் கேட்டார், இவங்க அப்பாவுக்குக் காது கேட்காது, கோபமும் வரும், சமாளித்துக்கொள்வாயா மகளே என்று. அக்கா குனிந்த தலையை நிமிர்த்தி, ரமேஷின் அப்பாவை மாமா என்றே குறிப்பிட்டு ஒரு பதில் சொன்னாள். அதைக் கேட்டு அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கொஞ்சம் கலங்கியது, ஆனால் நான் கெமராமேன் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு நாளும் உட்கார்ந்து, பேசினது ஒன்று விடாமல் டைப் செய்தேன். மாமா பேசினது, அம்மா பேசினது, நான் மாமாவைத் தடுத்தது, யாரோ இருமினது எல்லாம் அடித்தேன். (இருமலை அடைப்புக்குறிக்குள் போட்டதில் எனக்குத் தனிப் பெருமை.) ஒவ்வொரு வரியும் எத்தனையாவது நிமிஷத்தில் வரவேண்டும் என்று குறித்தும் ஆயிற்று. கடைசியில் ஓட்டிப் பார்த்தால் அச்சாக இருந்தது. வாய் அசைகிறது, எழுத்து வருகிறது. படம் பண்ணுகிறவர்கள் எதற்கு இத்தனை பேரை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறார்கள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் மூளையில் பொறி தட்டியது. மாமா பேசினதை எப்படிப் பெரியவருக்கு அனுப்புவது? குடி கெட்டுப் போகுமே. உடனே வீடியோவின் முன்பகுதியை, வேன் வந்து நிற்கிற இடம் வரைக்கும், வெட்டி எறிந்தேன். புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன் என்று எழுந்து போய் டீயும் குடித்துவிட்டு வந்தேன்.

நான் வெட்டியது படத்தை மட்டும். எழுத்து வேறொரு ஃபைலில் இருந்தது. படத்துக்குத் தலை போன விஷயம் அதற்கு எப்படித் தெரியும்? அது பழைய கணக்கிலேயே, முதல் வரியிலிருந்து வரிசையாக வரத் தயாராக இருந்தது.

சரி, எழுத்தைத் தனியாக அனுப்பியிருந்தாலாவது பிறகு திருத்தியிருக்கலாம். ஆனால் அந்த டெப்பில் தமிழ் எழுத்தைத் தனி ஃபைலாகப் போட்டால் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும் என்று ரமேஷ் சொல்லியிருந்தான். அதனால் எழுத்தைப் படத்தோடேயே ஒட்டிவிடுகிற ஒரு மென்பொருளை இணையத்தில் தேடி இறக்கினேன். வீடியோவை டெப்புக்கு ஏற்ற அளவில் மாற்றுவதும் அதுவே. அதைக் காசு கொடுத்து வாங்காமல் சோதனைப் பதிப்பில் வேலையை முடித்தேன். லெப்டொப் சூடேறி, தோசைக்கல்லாகிப் புகைகிற நிலைக்கு வந்தபோது வேலை முடிந்தது. ரமேஷ் குட்ஷெட் பஸ் நிலையத்தில் வந்து நின்றுகொண்டு ஃபோனுக்கு மேல் ஃபோன். முழுக்க ஒரு தடவை பார்த்தாயா என்று அக்கா கேட்டாள். பார்த்தேன் என்றேன். உண்மையில் கடைசித் துண்டை மட்டும்தான் பார்த்தேன். எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு வேனில் ஏறுகிறார்கள், கீழே ‘டீ நல்லா இருந்திச்சு’ என்று ஓடுகிறது. வேனில் ஏறும்போது சொல்லக்கூடிய வார்த்தைதானே அது.

வீடியோவை ரமேஷிடம் கொடுத்த இரண்டாம் நாள் மாலை அக்கா வேலையிலிருந்து வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இத்தனை பயம் வந்திருக்காது. சாப்பாட்டுப் பையை மேசையில் வைத்துவிட்டு, “அந்த வீடியோவப் போடு” என்றாள். போட்டேன்.

வேன் கதவு திறக்கிறது. ரமேஷின் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் நின்று, கைகூப்பிச் சிரித்தபடி வாயைத் திறக்கிறார். கீழே எழுத்து: ‘அந்த மனுசன் வராததும் நல்லதுதான்.’

அந்த அம்மா உள்ளே வருகிறார், எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்து ஏதோ பாராட்டுகிறார். ‘காது வேற கேக்காது. பதில் சொல்லியே தொண்டை கிழிஞ்சிரும்.’ அடுத்து ரமேஷ் வெட்கத்தோடு வந்து உட்காருகிறான், என் அம்மா அவனைப் பார்த்து அன்பாகச் சொல்கிறார்: ‘அந்த ஓட்டைக் கதிரையத் தூக்கி உள்ள போடு.’

அக்கா டீத் தட்டோடு வருகிற இடத்தில்தான் அந்த மென்பொருள் தன் சொந்த வேலையைக் காட்டியிருந்தது. சோதனைப் பதிப்பு என்பதால் படத்தின் நடுவில், பெரிய எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு விளம்பரம். அது சரியாக அக்காவின் பட்டுச் சாரிக்குக் குறுக்கே விழுந்திருந்தது. முழுப் பதிப்பை வாங்கச் சொல்லியிருந்தது. நான் அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

விஷயம் என்னவென்றால், பிலிமத்தலாவையில் பெரியவர் வீடியோவைப் பார்த்துவிட்டு மனைவியோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான் வராதது உனக்கு அவ்வளவு சந்தோசமா என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா சாமி படத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் பண்ணியும், எழுத்தில் இருக்கிறதே என்றாராம். ரமேஷ் விளக்கம் சொல்லப் போனதற்கு, நீ பேசாதே என்று கையைக் காட்டிவிட்டார். அக்கா இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“இந்தக் கல்யாணம் நின்னு போச்சுன்னா நான் என்னாடா செய்யிறது?”

நான் அன்றைக்கு வெட்கப்பட்டதைப் போல வாழ்க்கையில் பிறகு வெட்கப்பட்டதில்லை. வெட்கப்படச் சந்தர்ப்பங்கள் நிறைய வந்தன என்றாலும். அக்கா அழவில்லை, முகம் கழுவப் போனாள், ரொம்ப நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. முதலில் ஒரு ஊன்றுகோல் இறங்கியது, அடுத்து கட்டுப்போட்ட கால், அதற்குப் பிறகு பெரியவர். கக்கத்தில் டெப். பின்னால் ரமேஷும் அவன் அம்மாவும். (புருசனும் மனைவியும் பேச ஆரம்பித்துவிட்டார்கள் போலத் தெரிந்தது, அது ஒன்றுதான் நல்ல செய்தி.) சீட்டாட வந்திருந்த மாமா பின்கதவைப் பார்த்தார். அம்மா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

பெரியவர் நேராக உள்ளே வரவில்லை. வாசல் நிலையில் நின்றார், கதவை ஆட்டிப் பார்த்தார். பிறகு மாமாவின் பக்கம் திரும்பினார்.

“இந்தப் பிணைச்சல் என்ன வெலைக்கு எடுத்தீங்க?”

மாமா விலையைச் சொல்லி, அது கேட்காமல் போகவே விரலால் காட்டி, அதுவும் விளங்காமல் கடைசியில் தொண்டை கிழியக் கத்தினார். பெரியவர் தலையை ஆட்டினார். நல்லா ஏமாந்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். அந்த ஓட்டைக் கதிரை எங்கே என்று அடுத்ததாகக் கேட்டார். அதைக் கொண்டுவந்து காட்டினோம், வேறு வழி? திருப்பிப் போட்டு, காலைத் தட்டி, ஒரு போல்ட் போட்டால் சரி என்று ரமேஷிடம் சொன்னார்.

எங்களுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது. அரைகுறையாகக் கொப்பி பண்ணிய படங்களையே காலம் முழுக்கப் பார்த்து வந்தவர் அவர். எழுத்து முந்துவதும் பிந்துவதும் அவருக்குப் பழகிப்போன விஷயம். இரண்டு நாள் கோபத்துக்குப் பிறகு மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறார். எழுத்து பிந்தி ஓடுகிறது என்று பிடித்துவிட்டார். தலைப்பக்கம் வெட்டுப்பட்டிருக்கிறது என்பதையும் கண்டுபிடித்துவிட்டார். வெட்டின பகுதியில் பேசினது யார் என்று தெரிந்துகொள்வதும் கஷ்டமாக இருக்கவில்லை. ஏனென்றால் அடுத்த வரியிலேயே நான் கடமை தவறாமல் டைப் செய்து வைத்திருந்தேன்: ‘மாமா, பேசாதீங்க, ரெக்கோட் ஆகுது.’

மாமா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

பெரியவர் டெப்பை மேசையில் நிறுத்தி, ஒரு இடத்தைத் தேடிப் பிடித்து நிறுத்தினார். திரையில் மாமாவின் முகம். வாய் நிறைய, தட்டில் மிஞ்சின முறுக்கு. கீழே எழுத்து: ‘மாமாவுக்குக் கேக்கலன்னா நான் எழுதிக் காட்டுறேன். கோவம் வந்தா அவரும் எழுதிக் காட்டட்டும்.’

“இத யாரு சொன்னது?” என்று கேட்டார். “படத்துல இவருதான் சொல்றாரு. இவரு சொல்லியிருக்க மாட்டாருன்னு தெரியும்.”

மாமா அவசர அவசரமாக அக்காவைக் காட்டினார். அக்கா சுவரோரமாக நின்றபடி, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்ட மாதிரி, கையை உயர்த்தினாள்.

பெரியவர் ஊன்றுகோலை ஊன்றி அவள் பக்கம் திரும்பினார். “எல்லாரும் எங்கிட்டக் கத்துவாங்க. இல்லாட்டி பேசாமலே போயிருவாங்க. எழுதிக் காட்டுறேன்னு யாரும் சொன்னதில்ல மகள்” என்றார். பிறகு டெப்பை எடுத்துத் துண்டால் துடைத்தார்.

அக்கா சுவரில் தொங்கிய கலண்டரில் போன மாதத்துத் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் ஏதோ எழுதி அவரிடம் நீட்டினாள். அவர் வாசித்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தார், அதை எங்களுக்கும் காட்டினார். ‘டீ போடவா? சீனி போடலாமா?’ என்று இருந்தது. போடலாம் என்றார். அந்த டீயோடு கல்யாணம் நிச்சயமானது.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கல்யாண வீட்டில் இந்தத் தம்பியின் கையில் ஃபோன் இருக்கக்கூடாது. அந்த நிபந்தனை இன்று வரை அமுலில் இருக்கிறது. சொந்தத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும், மண்டபத்துக்குள் நுழைகிறபோதே மாமா என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார். என் கல்யாணத்திலும் தடவினார், நான் மாலையும் கழுத்துமாக நின்றபோது. எங்கள் வீட்டில் யாராவது கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லாமல் முழித்தால், எழுத்து பிந்துது என்கிறார்கள். அக்காவின் மகளுக்கு அது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது, அவளும் சொல்கிறாள்.

பெரியவர் இப்போதும் காதில் மிஷின் மாட்டவில்லை. அக்கா எழுதிக் காட்டுகிறாள், கோபம் வந்தால் அவரும் எழுதிக் காட்டுகிறார். பிலிமத்தலாவைக்குப் போகும்போது நானும் அவரோடு உட்கார்ந்து, வாயை நன்றாக அசைத்து, ஏதாவது சொல்வேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே மாட்டார். நான் பேசி முடித்த பிறகும், எழுத்து வரட்டும் என்று, என் நெஞ்சுக்குக் கீழேயே பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.