பேட்டரிக்குப் போட்ட சட்டை

பாதுகாப்புன்னா என்னன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. பட்டனக்காவோட மாமியாரைக் கேட்டா ஒரே பதில்தான்: "உறை போடறது."

பட்டனக்கான்னா தையல்காரி. எந்நேரமும் வாயில ரெண்டு பட்டனைக் கவ்விக்கிட்டே பேசுவா, அதனால அந்தப் பேரு. மாமியார் வீட்ல உறை இல்லாத சாமானே கிடையாது. டிவிக்கு உறை, மிக்சிக்கு உறை, ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை, அந்த பிளாஸ்டிக் அழுக்காயிடக் கூடாதுன்னு அதுக்கு மேல துணி உறை. சேனல் மாத்தணும்னா ரெண்டையும் உரிக்கணும். அந்தச் சோம்பல்ல குடும்பமே வருஷக்கணக்கா ஒரே சேனலைப் பாத்துக்கிட்டிருந்துச்சு. அந்தம்மாவோட தம்பி ஒருத்தர் இருந்தார். ஒருநாள் கொட்டற மழையில தொப்பலா நனைஞ்சு வந்து நிக்கிறார், கக்கத்துல குடை, உறையோட. கேட்டா, "புதுக்குடை, நனைஞ்சிரும்ல"ங்கறார். அவர் கதை இருக்கட்டும், அது ஒரு தனி ராமாயணம்.

பட்டனக்கா ஒரு எலக்ட்ரிக் வண்டி வாங்கினா. தெச்ச துணியெல்லாம் வீடு வீடாக் கொண்டுபோய்க் கொடுக்கத் தோதா இருந்துச்சு. சாயங்காலம் பேட்டரியைக் கழட்டி வாசக் கதவோரம் சார்ஜ் போடுவா. "இது என்னடி இப்படி அம்மணமாக் கிடக்கு?"ன்னு மாமியார் முகத்தைச் சுளிச்சா. மருமக தட்டுவாளா? உள்ள பஞ்சு, வெளிய பூப்போட்ட துணி, ஓரத்துல லேசு, அமர்க்களமா ஒரு உறை தெச்சு மாட்டிட்டா. சார்ஜ் ஏறும்போதும் கழட்டறதில்ல.

கொஞ்ச நாள்ல பேட்டரிக்கு வயிறு உப்பிருச்சு.

மெக்கானிக் பாத்துட்டு ரெண்டடி பின்னால போனான். "யாருக்கா இதுக்கு ஸ்வெட்டர் போட்டது? சூடு வெளிய போக வழியில்லாம வீங்கிக் கிடக்கு. இனி சார்ஜ் போடவே போடாதீங்க, வீட்டுக்குள்ளயும் வெக்காதீங்க. எப்ப வேணா பத்திக்கும்."

அந்த வீட்டுக்கு இருக்கறதே ஒரு வாசல். கதவை ஒட்டி மாமியார் கட்டில், கட்டிலுக்குக் கீழ பாயில பட்டனக்காவோட சின்ன மக. பத்திக்கிச்சுன்னா யார் எந்தப் பக்கம் ஓடறது? பட்டனக்கா அப்பவே கிளம்பிட்டா. அந்தப் பேட்டரியை அதே உறையில போட்டு, பச்சப்புள்ளையைத் தூக்கற மாதிரி தூக்கிட்டு, நடந்தே போனா. எங்க? மின்வண்டி மின்கலப் பாதுகாப்பு மற்றும் விழிப்புணர்வு ஆணையத்துக்கு.

அங்க பெரிய ஐயா பச்சைக் கலர்ல எலக்ட்ரிக் வண்டி வாங்கியிருந்தார். அடுத்த வாரம் ஆபீஸ்ல எல்லார் வண்டியும் பச்சை. மீட்டிங்ல கூட ஹெல்மெட்டை மடியில வெச்சுக்கிட்டுத்தான் உக்காருவாங்க. வண்டி ஷெட்டுல "இங்கே சார்ஜ் செய்வது ஆபத்து"ன்னு ஆணையமே போர்டு மாட்டியிருந்துச்சு. போர்டுக்கு மரியாதை கொடுத்து எல்லாரும் பேட்டரியை ஆபீசுக்குள்ள தூக்கிட்டு வந்து மேசைக்கு அடியில சார்ஜ் போட்டிருந்தாங்க.

கவுண்ட்டர்ல இருந்தவர் நிமிராமலே கேட்டார். "என்னம்மா?"

"பேட்டரி வீங்கிருச்சு சார். ஒப்படைக்க வந்தேன்."

"தீப்பிடிச்சுதா?"

"இல்ல சார்."

"புகை?"

"அதுவும் இல்ல."

"அப்ப இது பாதுகாப்பான பேட்டரி. பாதுகாப்பான பேட்டரியை ஆணையம் வாங்கறதில்ல. எரிஞ்சது மட்டும்தான்."

"எரிஞ்சப்புறம் நான் எப்படி சார் கொண்டு வருவேன்?"

"நீங்க வர வேண்டியதில்ல. வாரிசுங்க வரலாம். அதுக்குத் தனி கவுண்ட்டரே இருக்கு."

"வீட்ல சின்னப் பிள்ளை இருக்கு சார். இதைத் திரும்பக் கொண்டுபோக மாட்டேன்."

"அப்ப அந்த ஃபைல் தள்ற வண்டியில வெச்சுட்டு உக்காருங்க. ஐயா வரட்டும்."

ஐயா டீ நேரம் தாண்டி வந்தார். முதல்ல அவர் கண்ணுல பட்டது உறை ஓரத்து லேசு.

"அடடா! யார் தெச்சது?"

"நான்தான் சார். அதனாலதான் வீங்கிச்சு."

"தன்னடக்கம்"னு ஐயா மத்தவங்களைப் பாத்து மெச்சிக்கிட்டே உறையை உருவினார். உப்பலைப் பாத்ததும் அவருக்கு ஒரு அறிவியல் ஆர்வம். "மெத்துன்னு இருக்கே!"ன்னு பேனா முனையால ஒரு குத்து குத்தினார்.

உஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம். வெள்ளையா புகை.

"சம்பவம்! சம்பவம்!"னு கவுண்ட்டர்காரர் கத்தினார். எல்லாரும் வாசலுக்கு ஓடினாங்க. பாதி வழியில அவங்கவங்க பேட்டரி ஞாபகம் வந்து மேசைக்கு அடியில பாய்ஞ்சாங்க. ஒயர்ல ஒயர் சிக்கி, ஒருத்தர் காலை ஒருத்தர் இழுத்து, ஆபீசே மாவு பிசைஞ்ச மாதிரி ஆயிருச்சு. பட்டனக்கா மட்டும் முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு, ஃபைல் வண்டியை ஒரே தள்ளாத் தள்ளி வெளிய பொட்டல்ல விட்டுட்டு ஓடி வந்தா. அங்க அது டப்பு டுப்புன்னு வெடிச்சு எரிஞ்சு அடங்குச்சு.

சாம்பல் ஆறறதுக்குள்ள உயர்மட்ட விசாரணை கூடிருச்சு, அதே பொட்டல்ல, நின்னபடியே.

"காலையிலிருந்து உறையோட இருந்துச்சே, ஏதாவது ஆச்சா?"ன்னு ஐயா கேட்டார்.

"இல்லீங்கய்யா."

"உறையைக் கழட்டினோம். என்ன ஆச்சு?"

"பத்திக்கிச்சுங்கய்யா."

"அப்ப இத்தனை நேரம் நம்மளைக் காப்பாத்தினது எது?"

எல்லாரும் ஐயா கையில இருந்த பூப்போட்ட உறையைக் கும்பிடாத குறையாப் பாத்தாங்க.

"நீங்க பேனாவால குத்தினீங்களே சார்"ன்னா பட்டனக்கா.

"அது ஆய்வும்மா."

மறுநாளே உத்தரவு வந்துருச்சு. "இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், உறையற்ற மின்கலம் பொதுமக்களின் உயிருக்கு ஊறு விளைவிக்கக் கூடியதாகையால், பஞ்சு உறை உடனடியாகக் கட்டாயமாக்கப்படுகிறது." தைக்கற வேலை மொத்தமும் பட்டனக்காவுக்கு. அவ மறுக்காம இல்ல. ரெண்டு தடவை வாயைத் திறந்தா. ஆனா வாய் நிறைய பட்டன், எதிர்ல மலை மாதிரி துணி. அப்புறம் எங்க பேசறது?

ஊரே உறைக்குப் பைத்தியமாச்சு. சட்டைக்கு மேட்சா ஒண்ணு, ஆபீசுக்கு ஒண்ணு, விசேஷத்துக்கு ஜரிகை வெச்சு ஒண்ணு. வெறும் பேட்டரியோட போனவனைப் பாத்துச் சின்னப் பசங்க "சீ"ன்னு சிரிச்சாங்க. "நான் அன்னிக்கே சொன்னேன்ல?"ன்னு மாமியார் ரிமோட் உறையைத் தடவிக்கிட்டா. பட்டனக்கா மட்டும் வண்டியைச் சத்தமில்லாம வித்துட்டு பஸ்ல போக ஆரம்பிச்சா.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி இடுப்புல பிள்ளையோட வந்து நின்னா.

"அக்கா, நீங்க தெச்ச உறைதான். பேட்டரி கொதிக்குதுக்கா. வயிறு உப்பின மாதிரி வேற இருக்கு. வாசக் கதவோரம்தான் வெச்சிருக்கேன், பயமா இருக்கு."

மிஷின் நின்னுச்சு. பட்டனக்கா அந்தப் பிள்ளையைப் பாத்தா. அப்புறம் உறை வாங்க வெளிய நின்ன வரிசையைப் பாத்தா.

"தீப்பிடிச்சுதா?"

"இல்லக்கா."

"புகை?"

"இல்ல."

பட்டனக்கா கழுத்துல தொங்கின டேப்பை உருவினா.

"உப்பினா உறை இறுக்கத்தான்டி செய்யும். கொண்டா, கொஞ்சம் லூசாத் தெச்சுத் தரேன்."