இருநூறு வாட் விடுமுறை

வண்டிக் கூரையில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுப்பதில்லை என்று பஸ் பணிமனைக் கண்காணிப்பாளர் பல் விளக்கும்போதே முடிவெடுத்துவிட்டார். வாயில் நுரையோடு எடுத்த முடிவுதான். ஆனாலும் உறுதியான முடிவு.

ஓடி ஓய்ந்த வேன் ஒன்றை வாங்கி, ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குத் தின்னக் கொடுத்து, உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி, குட்டி ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்து நடமாடும் வீடாக்கியிருந்தார். அடுத்த வாரம் பத்து நாள் பயணம். பாக்கி ஒன்றுதான்: வண்டியின் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்ற சோலார் பேனல். ஒன்றா, இரண்டா?

கூரையில் இரண்டுக்கும் இடம் உண்டு. ஆனால் பின்பாதியில் அவர் ஒரு சாய்வு நாற்காலியை போல்ட் போட்டு முடுக்கிவிட்டார். சாயங்காலம் ஏணியில் ஏறி, காலை நீட்டி, உலகத்தை மேலிருந்து பார்க்கவேண்டும். பத்து வருஷ ஆசை.

மனைவிக்கும் ஆசை இருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் விடுமுறை என்று எங்கே போனாலும் கணவருக்கு ஊர் மாறியது. மனைவிக்கு அடுப்பு மட்டும் மாறியது. இந்தப் பத்து நாளாவது கை நனையாமல், இடுப்பு ஒடியாமல் உட்காரவேண்டும். அதற்கு மெஷின் வேண்டும்; மெஷினுக்குக் கரண்ட் வேண்டும்; கரண்டுக்கு இரண்டாவது பேனல் வேண்டும். அவர் கேட்டது வைரத் தோடா? ஆளுயரக் கண்ணாடிப் பலகை ஒன்று. அதற்கே வீட்டில் வானம் இடிந்தது.

"ஏங்க, ரெண்டாவே போட்டுரலாமே."

"அப்போ என் நாற்காலி?"

"கீழ போட்டு உக்காருங்க."

"கீழ உக்கார எதுக்கு வேன்? கீழதான் அம்பது வருஷமா உக்காந்திருக்கேன்."

பேனல் பொருத்த வந்தவர் காதில் செருகிய பென்சிலை எடுத்தார். "சார், அக்கா சொல்ற சாமானுக்கு ஒண்ணு பத்தாது. இருநூறு வாட் பேனல். நல்ல வெயில் நாலு மணி நேரம் அடிச்சா ஒரு நாளைக்கு எண்ணூறு வாட்-அவர். வழியில சிந்துறது போக அறுநூறுதான் நிக்கும். மேகம் வந்தா அதுவும் குறையும்."

"மேகத்தை நான் பாத்துக்கிறேன்," என்றார் கண்காணிப்பாளர், அது தன்னிடம் லீவு கேட்டு நிற்கும் ஊழியர் என்பதுபோல. "சாமானைக் குறைச்சா தீர்ந்தது. எடு படிவத்தை."

படிவம் என்றால் அவர் பணிமனையில் எல்லோரும் ஓடி ஒளிவார்கள். அவரே கண்டுபிடித்தது. வேண்டிய சாமான்களை முதல் கட்டத்தில் எழுதவேண்டும். எதையாவது வெட்டினால், வெட்டியவரே பக்கத்தில் 'மாற்று ஏற்பாடு' என்ன என்று எழுதி, 'பொறுப்பு' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடவேண்டும். சும்மா வெட்டிவிட்டு நழுவும் ஆட்களுக்கு வைத்த பொறி அது. வீட்டுக்கும் அதே படிவம்தான். பால் வாங்குவதற்குக்கூட.

ஃபிரிட்ஜ், முந்நூற்றைம்பது. ஃபேன், நூற்றிருபது. விளக்கும் போனும், முப்பது.

"டிவி நூறு இழுக்குது. அதை வெட்டலாமே," என்றார் மனைவி.

"நாட்டு நடப்பு தெரிய வேணாமா?"

"நாட்டு நடப்புல இருந்து தப்பிக்கத்தானே போறோம்?"

டிவி தப்பித்தது. அறுநூறும் தீர்ந்தது. மிச்சத்துக்குச் சிவப்புப் பென்சில் கிளம்பியது. தண்ணீர் பம்ப், வெட்டு. மிக்சி, வெட்டு. சின்ன வாஷிங் மெஷின், வெட்டு. வாக்யூம் கிளீனர், வெட்டு. நான்குக்கும் மாற்று ஏற்பாடு: கையால் செய்துகொள்ளலாம். எழுதும்போது அவர் மனக்கண்ணில் வேலை செய்துகொண்டிருந்தவை யாருடைய கைகள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. இப்படிப்பட்ட படிவங்களை நிரப்பும் ஆண்களுக்கெல்லாம் மனக்கண்ணில் தெரிவது ஒரே ஜோடிக் கைகள்தாம்.

மனைவி சண்டை போடவில்லை. முகத்தைத் தூக்கவில்லை. "கடைசிக் கட்டம் காலியா இருக்கு பாருங்க," என்று மட்டும் சொல்லிப் பேனாவை நீட்டினார்.

ஒரு நாளைக்கு இருநூறு கையெழுத்துப் போடுகிற கை அது. காலிக் கட்டத்தைக் கண்டால் மூளையைக் கேட்காமலே போய் இறங்கும். நான்கு கையெழுத்து, தேதியோடு.

"ஒரு பேனல் போதும், தம்பி," என்று பொருத்துபவரிடம் ஜெயித்த குரலில் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

முதல் நாள் ஏரிக்கரை ஒன்றில் வண்டியை நிறுத்தினார்கள். அவர் ஏணியில் ஒரு கால் வைத்தபோது கீழேயிருந்து குரல் வந்தது.

"தண்ணி?"

"குழாய் அந்தப் பக்கம் இருக்கு. பிடிச்சுக்கோ."

மனைவி ஃபிரிட்ஜ் கதவைக் காட்டினார். படிவம் ஒட்டியிருந்தது, 'பொறுப்பு' கட்டத்தில் கணவரின் கையெழுத்தோடு.

"ஏம்மா, அது சும்மா வீட்டுப் படிவம்."

"போன வருஷம் உங்க மெக்கானிக் ஒருத்தர் 'சும்மாதான் கையெழுத்துப் போட்டேன்'னு சொன்னாரு. அவருக்கு மெமோ குடுத்தீங்க. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் அதைப் பெருமையாவும் சொன்னீங்க."

இது அநியாயம் என்று அவருக்குப் பட்டது. தன் சட்டம் தன் மீதே பாயலாமா? எந்த நாட்டில் நடக்கும்? நியாயம் கேட்க வாயைத் திறந்தார். அந்த மெமோவில் தான் எழுதிய வாசகமே வாயில் வந்தது. குடத்தை எடுத்தார்.

குழாய் கால் மைல். நான்கு நடை. பிறகு அரைத்தார், மிளகாய் தெறித்துக் கண் எரிந்தது. துவைத்தார், போர்வை நனைந்தால் ஓர் ஆள் எடை என்பதைத் தன் ஐம்பதாவது வயதில் அறிந்துகொண்டார். பெருக்கினார். பெருக்கிய இடத்திலேயே மணல் மறுபடி வந்து படுத்துக்கொண்டது. இத்தனைக்கும் நடுவே டிவி மட்டும், தன் பங்கு நூறை வாங்கிக்கொண்டு, பார்க்க ஆளில்லாமல் நாட்டு நடப்பைப் பேசிக்கொண்டிருந்தது.

பக்கத்து வேன்காரர் எட்டிப் பார்த்தார். "உங்க பேனல்ல என்னென்ன ஓடுது?"

மனைவி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "ஃபிரிட்ஜ், ஃபேன், லைட், டிவி. கரண்ட் இல்லாம ஓடுறது இவர் ஒருத்தர்தான்."

மூன்றாம் நாள் காலை, அன்றைய ஐந்தாவது குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவர் முதன்முறையாக நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். உலகத்தைப் பார்க்க அல்ல. அங்கேதான் போனுக்குச் சிக்னல் கிடைத்தது.

"தம்பி, அந்த ரெண்டாவது பேனல்," என்றார், கிசுகிசுப்பாக. "கிளம்பி வந்து மாட்ட முடியுமா? எவ்வளவு தூரமானாலும் பரவாயில்லை. அவளுக்குத் தெரிய வேணாம்."

"நான் எதுக்கு சார் வரணும்? உங்க கட்டில் பலகையைத் தூக்கிப் பாருங்க. நீங்க குளிக்கப் போனப்பவே அக்கா அதையும் ஏத்தச் சொல்லிட்டாங்க. வயர்கூட இழுத்து விட்டிருக்கேன். நாற்காலியைக் கழட்டினா அதே ஓட்டைதான், நாலு போல்ட்டு."

அவர் இறங்கி வந்தார். மெத்தையைச் சுருட்டினார். பலகையைத் தூக்கினார். இரண்டு ராத்திரியாக முதுகு வலிக்கு அவர் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தது அதன் மேல்தான். பளபளவென்று, துணி சுற்றி, பத்திரமாக இருந்தது.

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்றார். "மூணு நாள். என் இடுப்பு. என் கை. இதெல்லாம் ஒரு..."

"முதல்லயே சொல்லியிருந்தா அது நான் கேட்ட பேனல்," என்றார் மனைவி, பக்கத்தைத் திருப்பியபடி. "இப்ப இது நீங்க கேட்ட பேனல். மாட்டுங்க."