கரும்புப்பாகு பூசிய அவியோன்

ஆண்டவன் உலகத்தைப் படைத்து முடித்துவிட்டு, கடைசிப் பூச்சை மட்டும் மறந்துவிட்டார் என்று நம்பிய மனிதர் இந்தத் தீவிலேயே ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் தேர் ரூஜ் கிராமத்து வெர்னி மாமா. வார்னிஷுக்கு எங்கள் பக்கம் வெர்னி என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேரும் ஒன்று இருந்தது. அது பூச்சுக்கு அடியில் போய்விட்டது.

தொழில், கரும்பு வண்டிகளுக்குச் சாயம் அடிப்பது. வண்டியோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. மாட்டின் கொம்புக்குப் பூசினார். மாடு கொட்டகைச் சுவரில் தலையைச் சாய்த்தது, நாலு பேர் சேர்ந்துதான் பிரித்தெடுத்தோம். அத்தை மசாலா அரைக்கும் கல்லுக்குப் பூசினார். ஒரு வாரம் அந்த வீட்டுச் சட்னி பளபளவென்று இருந்தது, ஒருவரும் தொடவில்லை.

ஆனாலும் தைப்பூசத் தேருக்குச் சாயம் அடிப்பது அவர்தான். அதற்கென்றே விரதமிருப்பார். அந்த உரிமைக்கே ஒரு வருஷம் ஆபத்து வந்தது. எங்கள் கோயில் தலைவர், துரைமார் தொப்பியைத் தலையில் வைத்தபடியே தூங்குகிறவர் என்று பேரெடுத்தவர். அவருக்குத் திடீரென்று மாயெபூர்க்காரன் ஒருவனுடைய கைவேலை பிடித்துப்போயிற்று.

"தேர் பழசாத் தெரியுது வெர்னி. புதுசா என்ன இருக்கு உங்கிட்ட?"

அப்போதுதான் வடக்கே ஒரு புல்வெளியில் அவியோன், அதாவது ஆகாய விமானம், வந்து இறங்கியிருந்தது. மாமா நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்.

"முருகன் எத்தனை நாளைக்கு மயில் மேலயே உக்காந்திருப்பார்? தேர் முகப்புல அவியோன் வைக்கிறேன்."

"பூசத்துக்கு முந்தின நாள் காலையில கொண்டா. நல்லா இருந்தா தேர் உனக்கு. இல்லாட்டி மாயெபூர்க்காரனுக்கு."

பலாக்கட்டையில் செதுக்கினார். அளவு கச்சிதம். அசல் விமானத்தின் இறக்கையைக் காலால் அளந்திருந்தார். ஒரு தப்படிக்கு இரண்டு விரற்கடை. வாலை அளக்கும்போது போலீஸ்காரன் விரட்டிவிட்டான். ஓட்டத்தில் எண்ணிய தப்படி ஆனதால் வால் மட்டும் கொஞ்சம் குட்டை.

வெள்ளிச் சாயம் அடித்தபோது ஊரே வாயைப் பிளந்தது. அதோடு விட்டிருக்கலாம். "பளபளப்பு பத்தல" என்று, அறுவடையில் எடுத்து வைத்த கரும்புப்பாகை வெர்னியில் கலந்து மேலே பூசினார். வண்டிச் சக்கரத்துக்கு அதுதான் அவருடைய ரகசிய மருந்து. சக்கரத்தில் புழுதி ஒட்டிக்கொண்டு, பாகு காயாத குற்றத்தை மறைத்துவிடும் என்பது ஊருக்கெல்லாம் தெரியும், அவருக்குத் தெரியாது. மழைக்காலம் வேறு. காயட்டும் என்று கோழிக்கொட்டகையில் தொங்கவிட்டார்.

கெடு வைத்த காலை, காவடித் துணி நனைக்க இடித்த மஞ்சளோடு நான் அந்த வழியாக வந்தேன். உறவு ஒன்றும் இல்லை, பக்கத்து வீடு.

"போன்ஜே! கடவுளே! மருமகளே, இங்க வந்து பாரேன்!"

விமானத்துக்கு உடம்பெல்லாம் இறகு முளைத்திருந்தது. எறும்புகள் பயணிகள் மாதிரி வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன.

"மயிலை எறக்குறேன்னீங்க. சேவல் ஏறிடுச்சே மாமா!" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "தேர் போச்சும்மா" என்றார். பிரஷ் இன்னும் கையில்தான் இருந்தது. அந்தக் கை சும்மா இருக்குமா? "இன்னும் ஒரு பூச்சு போட்டா சரியாயிடும்."

"பிரஷ்ஷைக் கீழ வைங்க!"

என் வீட்டுக்காரரிடம்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. மாமா வைத்துவிட்டார்.

இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தேன். பாகு பாதி போயிற்று, வெள்ளியும் கூடவே போயிற்று. சொறி பிடித்த நாய் மாதிரி நின்றது விமானம். மிச்சம் இருந்த பிசுபிசுப்பு போகவே மாட்டேன் என்றது. போகாவிட்டால் இருக்கட்டும் என்று, மஞ்சளை மெல்லிய துணியில் கட்டி, மேலே தட்டித் தட்டிச் சலித்தேன். பிசின் அத்தனையும் மஞ்சளைக் குடித்தது. மிச்சத்தை ஊதிவிட்டேன். முன்னால் சுழலும் விசிறிக்குக் குங்குமம். பளபளப்பு ஒரு பொட்டு இல்லை. பொன்னில் வார்த்த மாதிரி இருந்தது. மாமா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

கோயிலில் தலைவர் குனிந்து, விரலால் தடவிப் பார்த்தார். "இது என்ன பூச்சு?"

நான் முந்திக்கொண்டேன். "பாரிஸ்ல இப்ப இதுதானாம் ஐயா."

"அதான் தெரியுதே!" என்று தலைவர் அதே விரலால் தொப்பியைச் சரிசெய்தார். பூசம் முடியும்வரை வெள்ளைத் தொப்பியில் ஒரு மஞ்சள் கோடு ஊர்வலம் வந்தது. ஒருவரும் சொல்லவில்லை. மாயெபூர்க்காரன் சாயம் அடிக்க வரவேயில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் தேர் வேலை முடிந்ததும் மாமா என் வாசலில் வந்து நிற்பார். "மருமகளே, இன்னும் ஒரு பூச்சு போடலாமா?"

"போதும் மாமா."

முகம் வாடிப் போவார். ஆனால் போடமாட்டார்.

மாமா காலமான வருஷம் யாரோ சாயம் அடித்த தேர் வந்தது. வேலையில் குறை சொல்ல முடியாது. கூட்டத்தில் நின்று கும்பிட்டவள், எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்: "போட்டுக்குங்க மாமா, இன்னும் ஒரு பூச்சு."