பாயாமல் நின்ற மூச்சுக் கிராணி

வடக்கு சிலாங்கூரில் மூச்சுக் கிராணியைவிடப் பதறாத உயிர் பிறந்ததில்லை. எருமைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

எண்பதுகளில், கோல சிலாங்கூர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணிகள் நாங்கள்; அவர் பெரிய கிராணி, நான் சின்னக் கிராணி. விசாக தினத்தன்று செகிஞ்சான் புத்தர் கோயிலில் இலவசமாக மீ நூடுல்ஸ் கிடைக்கும் என்று போனவர், அங்கிருந்த பிக்குவிடம் மூச்சைக் கவனிக்கக் கற்றுக்கொண்டு திரும்பினார். அதன்பின் எதைக் கேட்டாலும் முதலில் ஒரு மூச்சு, பிறகுதான் பதில். தொலைபேசியில் அழைத்தவர்கள், லைன் செத்துவிட்டதென்று வைத்துவிடுவார்கள்.

ஒருநாள் அலுவலகத்துக்குள் உடும்பு புகுந்தது. துரை மேசைமேல் ஏறினார். நான் துரைமேல் ஏறினேன். கிராணி மட்டும் நாற்காலியை விட்டு அசையாமல், "வந்தது போயிடும் தம்பி. கதவ மட்டும் தொறந்து வையி" என்றார். போய்விட்டது. துரைதான் என்னை இறக்கிவிடப் பெரும்பாடு பட்டார்.

பக்கத்துத் தோட்டத்தோடு எங்களுக்கு வருடாவருடம் பந்து விளையாட்டு நடக்கும். தோற்றவர்கள் ஜெயித்தவர்களுக்கு ஆட்டுக்கறி சமைத்துப் போட வேண்டும். தோற்றுத் தோற்று நாங்கள் அருமையான சமையல்காரர்களாகியிருந்தோம். இந்த முறையும் தோற்றால் குழுவைக் கலைத்துவிடுவதாக, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் சொல்லிவிட்டார். ஆட்டத்தன்று பார்த்து எங்கள் கோல்கீப்பருக்குக் காய்ச்சல். உயரமாக இருந்த ஒரே குற்றத்துக்காகக் கிராணியைக் கோலில் நிறுத்தினோம்.

எப்படியோ ஒரு கோல் போட்டு முன்னால் இருந்தோம். கடைசி நிமிடத்தில் பந்து என் மூக்கைக் குறிவைத்து வந்தது. மூக்கைக் காப்பாற்றினேன், கையால். பெனால்ட்டி!

"மூக்கா முக்கியம், தடிமாடு!" என்று என்னைப் பார்த்துக் கத்திய மண்டோர், கோல் பக்கம் திரும்பி, "கிராணி ஐயா, லெப்ட்ல பாயுங்க!" என்றார்.

"ரைட்டுலா, ரைட்டு!" என்றார் லோரி டிரைவர்.

கிராணி கண்ணை மூடினார். ஒரு மூச்சு. அசையவேயில்லை. உதைக்க வந்தவன் பாவம், அவரைப் பார்த்துப் பார்த்துக் குழம்பி, எப்படியும் ஒரு பக்கம் பாய்ந்துவிடுவார் என்று நம்பி நடுவில் உதைத்தான். பந்து நேராகக் கிராணியின் வயிற்றில். அந்த ஒரு மூச்சு மட்டும் அவர் கவனிக்காமலேயே வெளியேறியது. விசில்!

ரப்பர் மரங்கள் அதிரக் கூச்சல் போட்டோம். "நடுவுலதான் வரும்னு எப்படிங்கய்யா தெரிஞ்சது?" என்று கேட்டேன்.

ஒரு மூச்சு. "தெரியாதுலா. எந்தப் பக்கம்னே தெரியல. அதான் இருந்த எடத்துலயே இருந்துட்டேன்."

தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனோம். உயரத்துக்கேற்ற கனம், பெரும்பங்கு என் தோளில். எங்கள் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தை நெருங்கும்போது மெல்லக் குனிந்து, "எறக்கி விடுப்பா, ஒனக்குத் தோளு வலிக்கும்" என்றார்.

"வலிக்கலைங்கய்யா" என்று சொல்லிவிட்டு, லயத்தை முழுசாக ஒரு முறை சுற்றி வந்தேன்.