லிங்கி ஈரமும் அக்காவின் பட்டுச் சேலையும்

லிங்கி ஆற்றோரத் தோட்டம்,
நெகிரி செம்பிலான், மலாயா,
1936 நவம்பர் 22, ஞாயிறு.

இல்லை, அத்தான். முதலை வீட்டுக்குள் வருவதில்லை. அது ஆற்றில்தான் இருக்கிறது. நாங்களும் போய்ப் பார்ப்பதில்லை. இருபக்கமும் மரியாதை உண்டு.

வணக்கம் சொல்லாமல் தொடங்கிவிட்டேன். உங்கள் கடிதத்தின் முதல் கேள்வியே முதலையாக இருந்ததால் வந்த அவசரம். மதிப்புக்குரிய திருநாவுக்கரசு அத்தான் அவர்களுக்கு நீலாவதி வணங்கி எழுதுவது. நானும் உங்கள் சகலையும் நலம். சற்று ஈரம். அங்கே நீங்களும் லெட்சுமி அக்காவும் நலமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும்.

எங்கள் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வருவதா, அருப்புக்கோட்டையிலேயே இருப்பதா என்று வருஷக் கடைசிக்குள் நீங்கள் துரைக்குச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். "நீ பி.ஏ. படித்தவள். தங்கை என்ற பாசத்தைத் தள்ளி வைத்துவிட்டு, நன்மை தீமைகளை நடுநிலையாக எழுது" என்று கேட்டிருக்கிறீர்கள். தள்ளி வைத்துவிட்டேன். அக்காவைப் பார்த்து நான்கு வருஷம் ஆகிறது. அதையும் தள்ளி வைத்துவிட்டேன்.

முதலில் காற்று. இங்கே அது கிடையாது. வெதுவெதுப்பான தண்ணீர் ஒன்று எங்கும் நிற்கிறது. அதை மூச்சு என்று சொல்லி இழுக்கிறோம்.

உப்பை நாங்கள் போடுவதில்லை, ஊற்றுகிறோம். தீப்பெட்டியை உங்கள் சகலை இடுப்பில் கட்டிக்கொண்டு தூங்குகிறார், அப்படியும் காலையில் பத்துக் குச்சி உரசினால் ஒன்று மனமிரங்கும், அந்த ஒன்றைக் கொண்டு அடுப்பைப் பற்றவைத்து அப்பளம் பொரிக்கலாமென்று எடுத்தால் அப்பளம் வெற்றிலை மாதிரி மடிகிறது, சரி, அதில் சுண்ணாம்பு தடவிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டால் உங்கள் சகலை சிரிப்பதில்லை, ஏனென்றால் அன்றைக்குத்தான் அவருடைய செருப்பில் காளான் முளைத்திருக்கும், இதையெல்லாம் அக்காவுக்கு எழுதி மனதை ஆற்றிக்கொள்ளலாமென்று உட்கார்ந்தால் எழுதி முடிப்பதற்குள் உறை தானாகவே ஒட்டிக்கொள்கிறது. ஆவணியில் உங்களுக்கு வெறும் உறை வந்தது கோபத்தால் அல்ல. கடிதம் இங்கேயே என் மேசையில் இருந்தது.

என் பட்டச் சான்றிதழிலும் பூசணம். என் பெயரின் மேல் மட்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் தெளிவாக இருந்தது.

நன்மைகளும் உண்டு. நடுநிலை என்றீர்களே. அக்காவின் பித்தவெடிப்பு ஒரு வாரத்தில் மறையும். தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்க வேண்டாம், குடத்தை வாசலில் வைத்தால் போதும். துணி உலர்த்த இரண்டு மரவள்ளிக் குச்சி நட்டேன். உலர்ந்த துணி கிடைக்கவில்லை. கிழங்கு கிடைத்தது. மழை விட்ட ஒரு மணி நேரத்தில் எல்லாம் பச்சையாக மின்னும்போது, காரணமே இல்லாமல் சிரிப்பு வருகிறது. இதை எந்தப் பக்கம் சேர்ப்பதென்று தெரியவில்லை.

இனி புகை வீடு. அக்காவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தில் கொஞ்சம் இருமித் தாண்டிவிடுங்கள்.

ரப்பர் பாலை உறைய வைத்து, உருளையில் விட்டுத் தோள் துண்டு மாதிரித் தகடாக்கி, மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு ஐந்து நாள் புகை போடுவார்கள். வெள்ளையாகப் போனது தேன் நிறத்தில் வரும். அதற்கான கட்டடம்தான் புகை வீடு. நவம்பர் மாதத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் உலர்ந்த ஒரே இடம். இதைத் தோட்டத்தில் முதலில் கண்டுபிடித்தவள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் விசாரணையில் அப்படித்தான் சொன்னார்கள்.

உங்கள் சகலை கிராணி. துரையின் முன் நின்று கணக்குச் சொல்லக் கறுப்புக் கோட்டு வேண்டும். கோட்டு பூசணம் பிடித்துப் பச்சையாகிவிட்டது. புகை வீட்டில் நெருப்புப் பார்க்கும் சன்னாசியிடம் கொண்டுபோனேன்.

"குடுங்க கிராணியம்மா. அஞ்சு நாளுல முறுக்கு கணக்கா மொறுமொறுன்னு தாரேன்" என்றார்.

தந்தார். கோட்டு நின்றது, ஆள் இல்லாமலே.

மறுநாள் ராக்கம்மா வந்தாள். ரப்பர்த் தகடுகளைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிறவள். "கிராணி வூட்டுக் கோட்டு போவலாம், எங்க வூட்டுப் பாயி போவக்கூடாதா?" நியாயமான கேள்வி. பாய் போனது. பிறகு தலையணைகள், கோயில் மத்தளம், கூழ்வடகம், கங்காணி முருகையாவின் பதினெட்டு முழத் தலைப்பாகை. என் சான்றிதழ். கடைசியாக, நான் கப்பலேறிய அன்று அக்கா தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த சந்தன நிறப் பட்டு. கழி அகலத்துக்கு மடித்துத் தொங்கவிட்டேன்.

ஐந்தாம் நாள் போய்க் கேட்டால் சேலை இல்லை. சன்னாசி ராக்கம்மாவைப் பார்த்தார். ராக்கம்மா என்னைப் பார்த்தாள்.

"அது சேலையா?" என்றாள்.

முந்தாநாளே தகடுகளோடு தகடாகப் பெட்டியில் அடுக்கி, மேலே ஏறி மிதித்து, ஆணியடித்து அனுப்பியாகிவிட்டது. பெட்டி போர்ட் டிக்சனில் கப்பலேறிவிட்டது. போகும் ஊர் லண்டன்.

"ஓரத்தில் சரிகை இருந்ததே ராக்கம்மா, பார்க்கவில்லையா?"

"பாத்தேம்மா, பாக்காம என்னா. தொரை புது மெசின் எறக்கியிருக்காருன்னு வேலை பாக்குற மண்டோர் சொன்னாரு. அதுதான் சரிக போட்டு அடிக்குதாக்கும்னு நெனச்சேன்." பிறகு என்னைத் தேற்றுவதற்காக, "மொத தரத்துலதாம்மா வச்சேன்" என்றாள்.

நான் அழ வேண்டியவள். சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். சன்னாசி மட்டும் சிரிக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் துரை நின்றிருந்தார், அவருக்குப் பின்னால் உங்கள் சகலை.

துரை தமிழ் பேசுவார். பால்வெட்டுக்காரர்களிடம் கற்றது. ஆகவே அவர் கோபமும் நம் ஊர்க் கோபம்தான். உள்ளே போனார். நாங்கள் வாசலில் நின்றோம். தலைப்பாகையைக் கையால் விலக்கினார். மத்தளத்தில் முட்டிக்கொண்டார். அது நல்ல சத்தம் கொடுத்தது, நன்றாகக் காய்ந்திருந்தது. ஒரு கூழ்வடகத்தை முகர்ந்து பார்த்தார். உங்கள் சகலை, தன் வேலை போனதென்று அங்கேயே முடிவு கட்டி, மரியாதையோடு விடைபெறக் கோட்டைத் தேடினார். கோட்டும் உள்ளேதான் தொங்கியது, இரண்டாம் தடவையாக.

துரை சான்றிதழின் முன் நின்றார். முழுதும் படித்தார்.

"யாரு பி.ஏ.?"

ராக்கம்மா என்னை முன்னால் தள்ளினாள். "இந்தா, கிராணியம்மாதான் தொரை. எல்லாம் இவங்க ரோசனைதான்."

"என்னா படிச்சே?"

"தத்துவம்."

துரை மத்தளத்தையும் தலைப்பாகையையும் இன்னொரு முறை பார்த்தார்.

"அதான்" என்றார்.

வெளியே போய்விட்டார். உங்கள் சகலை நான்கு நாள் சாப்பிடவில்லை. நான் பெட்டி கட்டத் தொடங்கினேன். பெட்டியில் வைக்க உலர்ந்த துணி எதுவும் இல்லாததால் வேலை மெதுவாக நடந்தது.

திங்கட்கிழமை காலை துரை வீட்டுச் சமையல்காரர் ஒரு மூட்டையோடு வந்தார். வேலைநீக்கச் சீட்டு என்று நினைத்தோம். அவிழ்த்தால், துரை விருந்துக்குப் போடும் கறுப்பு உடுப்பு. ராக்கம்மாவின் பாயில் இருந்த அதே பச்சைப் பூசணம்.

"சனிக்கெழம சிரம்பான் கிளப்புல டான்ஸாம். ரொம்பக் கருக விட்டுறாதீங்கன்னு தொரை சொன்னாரு."

அன்று உங்கள் சகலை நான்கு நாள் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டார். நேற்று துரை டான்ஸுக்குப் போய்வந்தார். அங்கே எல்லாத் துரைகள் மேலும் அதே புகை வாசனையாம். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லையாம்.

இப்போது புகை வீட்டில் கடைசி வரிசை எங்களுக்கு. ரப்பருக்குக் கிட்டே வரக்கூடாது, பட்டு கூடவே கூடாது என்று துரை உத்தரவு. பொறுப்பு ராக்கம்மாவுக்கு. அவள் பழக்கத்தை விடாமல் எல்லாவற்றையும் தரம் பிரித்தே தருகிறாள். உங்கள் சகலையின் கோட்டு மூன்றாம் தரம்.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, தங்கை என்பதை மறந்து சொல்கிறேன். வர வேண்டாம், அத்தான். உங்கள் புத்தகங்கள் உப்பிவிடும். ஆர்மோனியம் இருமும். அக்கா பட்டு உடுத்தி ஆசையாக ஒரு நாள் கோயிலுக்குப் போக முடியாது. அருப்புக்கோட்டையில் வெயில் இருக்கிறது. வெயிலை விட்டுவிட்டு வருகிறவர்கள் அது என்னவென்று தெரியாதவர்கள். துரைக்கு மறுத்து எழுதிவிடுங்கள். நான் வருத்தப்பட மாட்டேன்.

அக்காவிடம் சேலையைப் பற்றி நீங்களே நல்ல நேரம் பார்த்துச் சொல்லுங்கள். அது முதல் தரத்தில் போனதை மறக்காமல் சொல்லுங்கள். உங்கள் இருவர் காலிலும், அங்கே உலர்ந்த தூசி இருக்குமே என்ற பொறாமையோடு விழுந்து வணங்கும்,

நீலாவதி.

பின்குறிப்பு: துரை "அதான்" என்றதோடு நிறுத்தவில்லை. இன்னொன்றும் கேட்டார். மேலே எழுதாமல் விட்டேன்.

"ஒங்க வாத்தியாரு என்னா சொன்னான்?"

உங்களைத்தான். அவர் தமிழில் மரியாதை இன்னும் வந்து சேரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணில் புகை. "வருகிறார்" என்றேன். எப்போது என்றார். "ஜனவரியில். மனைவியோடு" என்றேன்.

மனைவியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

இருவருக்கும் கப்பல் சீட்டு வாங்கத் துரை பிறகு கொடுத்தனுப்பிய கடிதம் இந்த உறைக்குள் இருக்கிறது. நடுநிலையைப் பற்றி மேலே எழுதியதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நான்கு வருஷம், அத்தான். வேறு நன்மை தீமை எனக்குத் தெரியவில்லை. அக்காவை அழைத்து வாருங்கள்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போனேன். பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் வாத்தியார் வீட்டைத் திறந்து, தரையைக் கழுவிவிட்டு வந்தேன். ஜனவரிக்குள் காய்ந்துவிடும்.