பெரியவரின் பத்தாம் ஆண்டு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். பிழையில்லாமல் ஒரு பக்கம் எழுதுவேன் என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். ஆனாலும் ஒரே ஒரு எழுத்தில் முதலாளியையே மேலே அனுப்பிவைப்பேன் என்று நான் நினைக்கவில்லை.

சண்டை நடந்த காலம். வெள்ளவத்தைப் புடவைக்கடை ஒன்றில் சேலை காட்டுவது என் வேலை. எந்தச் சேலை எந்தத் தட்டில் என்று பார்ப்பதற்குக் கடையில் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. இருமி, செருமி, யோசித்துத்தான் கண் திறக்கும். அதனால் ‘பெரியவர்’ என்று பெயர் வைத்தேன். காலையில் அவருக்கு விபூதி பூசாமல் சுவிட்சைத் தொடமாட்டேன். (மின்வெட்டு நாட்களில் பூசிவிட்டு, அவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.)

அப்போது ஒவ்வொரு வீட்டிலும் இருப்பவர்களின் பெயரைப் பொலிசில் பதிய வேண்டும். கையெழுத்து விளங்கவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அக்கம்பக்கத்துச் சனம் பெயர்களை இங்கிலீசில் எழுதிக்கொண்டு வந்தால், நான் ஒற்றை விரலால் பெரியவரில் அடித்துக் கொடுப்பேன்.

அவருக்குப் பத்து வயது முடிகிற வேளையில் முதலாளி சொன்னார்: “வெள்ளிக்கிழமை நுகேகொடையில இருந்து பழைய சாமான் எடுக்கிற ஆள் வருவான். இதைக் குடுத்தனுப்பு.”

பெரியவரை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஒரு விழா எடுத்தால் முதலாளியின் மனம் இளகும் என்று எண்ணினேன். வெள்ளிக்கிழமை காலை பெரியவருக்கு மல்லிகை மாலை போட்டு, முன்னால் விளக்கேற்றினேன். விழாச் செய்தியைப் பிரிஸ்டல் மட்டையில் பெரிதாக எழுதிக் கண்ணாடிக் கதவில் ஒட்டினேன். (கறுப்பு மையில். சிவப்பு முடிந்துவிட்டது. வடிவாக இருக்கட்டும் என்று சுற்றிவரக் கரையும் போட்டேன்.)

முதலில் பக்கத்துக் கடை முஸ்லிம் அண்ணன் (‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம்) வந்து என் கையைப் பிடித்தார். “கேள்விப்படவே இல்லையே தம்பி. நம்மட கடையையும் பாதி சாத்திட்டேன்.”

கொம்பியூட்டருக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குக் கண் கலங்கியது. அதைப் பார்த்து அவருக்கும் கலங்கியது.

அடுத்து எங்கள் கடைக்கு வாடிக்கையாக வரும் பள்ளிக்கூட ரீச்சர், வெள்ளைச் சேலையில். “பத்து வருசமோ?” என்றார். “போன கிழமையும் எனக்குச் சட்டைத்துணி வெட்டித் தந்தவரே!”

அந்த நேரம் பார்த்து முதலாளி, தேத்தண்ணி குடித்துவிட்டுக் கையில் வடையோடு உள்ளே வந்தார்.

“ஆர் செத்தது?”

“நீங்கதான்,” என்றார் நானா.

ரீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி வெளியே போய் மட்டையை வாய்விட்டு வாசித்தார்: “எங்கள் கடைப் பெரியவரின் பத்தாம் ஆண்டு நினைவு.”

திரும்பி என்னைப் பார்த்தார். “நிறைவெண்டெல்லோ எழுத வெளிக்கிட்டனீ?”

“ஓம் முதலாளி.” ‘றை’ போடுகிற இடத்தில் ‘னை’ போட்டிருந்தேன்.

“ஆரடா பெரியவர்?”

கையைக் காட்டினேன். மாலையும் விபூதியுமாக அவர் இருமிக்கொண்டிருந்தார்.

வேலை போனது என்று முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கையில் நுகேகொடைக்காரர் வந்து சேர்ந்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கறுப்புக் கரை, விளக்கு, மாலை, வெள்ளைச் சேலையில் ரீச்சர், பாதி சாத்திய பக்கத்துக் கடை. தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தார். “அத எப்பா, மஹத்தயா,” என்றார் சிங்களத்தில், மெதுவாக. இன்றைக்கு வேண்டாமாம். செத்த வீட்டில் சாமான் தூக்க அவருக்கு மனம் வரவில்லை. விளக்கைக் கும்பிட்டுவிட்டு லொறியில் ஏறிப் போய்விட்டார்.

ரீச்சர் பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதிலதானே எங்கட வீட்டுப் பட்டியலும் அடிச்சது? பாவம், இருக்கட்டுமே.”

முதலாளி வடையைக் கடித்தார். அந்த லொறியை அவர் மறுபடி கூப்பிடவே இல்லை. பெரியவர் இன்னும் நாலு வருடம் இருமினார்.

போன மாதம் எங்கள் இருபத்தைந்தாவது கலியாண நாள். கேக்கில் எழுத வேண்டிய வசனத்தை நான் எழுதித் தருகிறேன் என்றேன். மனைவி பேனையைப் பறித்துக்கொண்டு மகளிடம் சொன்னாள்:

“அப்பாவிட்டக் குடுக்காத பிள்ளை. உயிரோட இருக்கிற என்னை மாலை போட்டுச் சுவரில மாட்டிப்போடுவார்.”